ஒட்டாரு: பாதியைக் காத்த நகரம்

படிக்கும் முன் சிந்திப்போம்

உங்கள் வட்டாரத்தில் ஒரு காலத்தில் பரபரப்பாக இயங்கி, இன்று வேலையற்றுக் கிடக்கும் கட்டடமோ, பாலமோ, சந்தையோ உள்ளதா? அதை என்ன செய்யலாம் என்று உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள்? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு பின்வரும் கட்டுரையைப் படியுங்கள்.

மலைக்கும் கடலுக்கும் நடுவே

ஜப்பானின் வடக்கே அமைந்துள்ள பெரிய தீவு ஹொக்கைடோ. அத்தீவின் தலைநகரான சப்போரோவிலிருந்து இரயிலில் ஏறி மேற்கு நோக்கிச் சென்றால், சிறிது நேரத்தில் தண்டவாளம் கடலை ஒட்டி ஓடத் தொடங்கும். வலப்பக்கச் சன்னலில் இஷிகாரி விரிகுடாவின் அலைகள் தெரியும். புறப்பட்ட ஏறத்தாழ அரை மணி நேரத்தில் விரைவு இரயில் ஒட்டாரு நகரை அடைந்துவிடும்.

ஒட்டாருவை மூன்று பக்கமும் மலைகள் சூழ்ந்துள்ளன. நான்காவது பக்கம் கடல். சமவெளி குறைவு என்பதால் வீடுகளும் பள்ளிகளும் மலைச்சரிவுகளில் கட்டப்பட்டுள்ளன. நகரின் சரிவுச் சாலை ஒன்றுக்கு 'ஃபுனாமிசாக்கா' என்று பெயர். 'கப்பல் பார்க்கும் சரிவு' என்பது அதன் பொருள். அங்கே நின்று கீழே பார்த்தால் துறைமுகம் தெரியும்.

ஒட்டாரு என்னும் பெயர் ஜப்பானிய மொழியில் தோன்றியது அன்று. ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனு மக்கள், மணற்கரையின் ஊடே ஓடும் ஆறு என்னும் பொருளில் வழங்கிய சொல்லிலிருந்து அது பிறந்தது.

சுற்றுப்பயணிகள் இந்நகருக்கு வருவதற்கு முக்கியக் காரணம் ஒரு கால்வாய். அதன் ஓரத்தில் கற்களால் கட்டிய பழைய கிடங்குகள் வரிசையாக நிற்கின்றன. மாலையில் எரிவாயு விளக்குகள் ஏற்றப்பட்டதும் அவற்றின் ஒளி நீரில் அசைகிறது. இக்காட்சி சுற்றுப்பயணிகளுக்காக உருவாக்கப்பட்டது என்று நினைக்கத் தோன்றும். உண்மை அதுவன்று. இங்கே நாம் பார்க்கும் பெரும்பாலானவை ஒரு காலத்தில் வேலை செய்தவை. பிறகு வேலை இழந்தவை. தேவையில்லை என்று சிலரும், வேண்டும் என்று சிலரும் வாதிட்ட பிறகு எஞ்சியவை. எனவே, ஒட்டாருவைப் பற்றி அறிந்துகொள்வது, ஒரு நகரம் எதை வைத்துக்கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதை அறிந்துகொள்வதும் ஆகும்.

மீனும் நிலக்கரியும் வளர்த்த ஊர்

ஒட்டாருவின் முதல் செல்வம் ஹெர்ரிங் என்னும் மீன். அது நாம் அறிந்த மத்தி மீனின் இனத்தைச் சேர்ந்தது. குளிர்காலம் முடியும் நேரத்தில் ஹெர்ரிங் மீன்கள் முட்டையிடுவதற்காகக் கூட்டங்கூட்டமாகக் கரையோரம் வரும். அப்போது கடல்நீர் பால்போல் வெளுத்துவிடும். அதைக் கண்டதும் மீனவர்கள் வலைகளோடு கடலுக்கு விரைவார்கள்.

பிடிபட்ட மீன்கள் அனைத்தும் உணவாகவில்லை. பெரும்பகுதி கொதிக்க வைக்கப்பட்டு, எண்ணெய் பிழியப்பட்டு, உலர்த்தப்பட்டு உரமாக மாறியது. அந்த உரம் கப்பல்களில் தெற்கே சென்று, பருத்தி விளையும் வயல்களுக்கு ஊட்டமளித்தது. 1897இல் ஹொக்கைடோவில் பிடிபட்ட ஹெர்ரிங் மீன்களின் எடை 9 இலட்சம் டன்னையும் தாண்டியது. மீன்பிடி முதலாளிகள் பெரிய மாளிகைகளைக் கட்டிக்கொண்டனர்.

இரண்டாவது செல்வம் நிலக்கரி. ஹொக்கைடோவின் உட்பகுதியில் வெட்டப்பட்ட நிலக்கரியைக் கப்பலில் ஏற்ற ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. அதற்காக ஹொக்கைடோவின் முதல் இரயில் பாதை அமைக்கப்பட்டது. 1880இல் ஒட்டாருவின் தெமியா பகுதியையும் சப்போரோவையும் அது இணைத்தது. இரண்டு ஆண்டுகளில் அப்பாதை நிலக்கரிச் சுரங்கம்வரை நீண்டது.

மீன், நிலக்கரி, தானியம், மரம் எனச் சரக்குகள் குவிந்தன. சரக்கு வந்த இடத்துக்கு வணிகர்கள் வந்தனர். வணிகர்களைத் தொடர்ந்து வங்கிகளும் வந்தன. 1920களில் இருபதுக்கும் மேற்பட்ட வங்கிகள் இங்குக் கிளை திறந்திருந்தன. அதனால் ஒட்டாருவை 'வடக்கின் வால் ஸ்திரீட்' என்று அழைத்தார்கள்.

அலைகளை எதிர்த்து நின்ற சுவர்

துறைமுகத்திற்குப் பெரிய தடை ஒன்று இருந்தது. குளிர்காலத்தில் ஜப்பான் கடலிலிருந்து எழும் பேரலைகள் துறைமுகத்துக்குள் புகுந்துவிடும். கப்பல்கள் பாதுகாப்பாக நிற்க இயலாது. அலைகளைத் தடுக்கக் கடலுக்குள் ஒரு சுவர் கட்ட வேண்டியிருந்தது. அப்பணி ஹிரோய் இசாமி என்னும் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1897இல் தொடங்கிய பணி 1908இல் முடிந்தது. சுவரின் நீளம் 1,289 மீட்டர்.

கடல்நீரில் கான்கிரீட் எவ்வளவு காலம் தாங்கும் என்பது அக்காலத்தில் எவருக்கும் உறுதியாகத் தெரியாது. ஹிரோய் பலவகைக் கலவைகளைச் செய்து பார்த்தார். சிமெண்டோடு எரிமலைச் சாம்பலைச் சேர்த்தால் கான்கிரீட் உறுதி பெறும் என்று கண்டார். கட்டிகளைச் சற்றுச் சாய்வாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கும்படி அடுக்கினார். இதே சாய்வு முறை, இலங்கையின் கொழும்புத் துறைமுகத்து அலைத்தடுப்புச் சுவரிலும் பயன்படுத்தப்பட்டது.

ஹிரோய் அத்தோடு நிற்கவில்லை. சோதனைக்காகப் பல்லாயிரக்கணக்கான சிறிய கட்டிகளைச் செய்து வைத்தார். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றில் சிலவற்றை எடுத்து இழுத்துப் பார்த்து, வலிமை குறைந்துள்ளதா என்று அளக்க வேண்டும். அவர் 1928இல் மறைந்தார். அவருக்குப் பின் வந்த பொறியாளர்கள் அச்சோதனையைத் தொடர்ந்தார்கள். நூறு ஆண்டுகள் கடந்தும் அது நடைபெற்றது. தாம் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்திருந்தும், தம் வேலையின் தரத்தை அடுத்த தலைமுறையினர் சோதித்துப் பார்க்க அவர் வழிசெய்துவிட்டுப் போனார். அந்தச் சுவர் இன்றும் அலைகளைத் தடுத்துக்கொண்டிருக்கிறது.

கால்வாயும் கிடங்குகளும்

அலைகள் அடங்கியதும் கப்பல்கள் பெருகின. ஆனால், பெரிய கப்பல்கள் கரையருகே வர முடியவில்லை. அவை நடுத்துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்றன. அவற்றிலிருந்த சரக்கைத் தட்டையான சிறு படகுகளில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சிங்கப்பூர் ஆற்றில் முன்பு ஓடிய தொங்கான்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவையும் இதே வேலையைத்தான் செய்தன.

அந்தப் படகுகள் கிடங்கின் வாசலுக்கே வரவேண்டும் என்பதற்காகக் கால்வாய் அமைக்கப்பட்டது. 1914இல் தொடங்கி 1923இல் பணி நிறைவுற்றது. பொதுவாகக் கால்வாய் என்றால் நிலத்தைத் தோண்டி அமைப்பார்கள். ஒட்டாருவில் நேர்மாறாகச் செய்தார்கள். கரைக்கு எதிரே கடலைத் தூர்த்துப் புதிய நிலத்தை உருவாக்கினார்கள். பழைய கரைக்கும் புதிய நிலத்துக்கும் நடுவே விடப்பட்ட நீர்ப்பரப்பே கால்வாய் ஆனது. அதனால்தான் அது நேர்க்கோடாக இல்லாமல், பழைய கரையின் வளைவைப் பின்பற்றி வளைந்து செல்கிறது.

கரையோரக் கிடங்குகளும் தனித்தன்மை உடையவை. வெளியிலிருந்து பார்த்தால் கற்கோட்டை போல் தெரியும். உள்ளே நுழைந்தால் கூரையைத் தாங்குவது மரத்தூண்களும் உத்தரங்களும் என்பது விளங்கும். மரச்சட்டகத்தைச் சுற்றிக் கல்லால் மூடியிருக்கிறார்கள். மரத்தால் விரைவாகக் கட்டலாம். வெளியே கல் இருந்தால் தீ எளிதில் பரவாது. அடிக்கடி தீ விபத்துகளைச் சந்தித்த நகரத்திற்கு அது பொருத்தமான ஏற்பாடு.

வேலை இழந்த கால்வாய்

காலம் மாறியது. 1945இல் போர் முடிந்தபோது, வடக்கே இருந்த சக்காலின் தீவின் தென்பகுதி ஜப்பானின் கையைவிட்டுப் போனது. அதோடு ஒட்டாரு செய்துவந்த வணிகமும் அற்றுப்போனது. 1950களின் நடுவில் ஹெர்ரிங் மீன் வருவது நின்றது. நிலக்கரியின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டது. துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் நேராக அணையும் துறைமேடைகள் கட்டப்பட்டதால் சிறு படகுகளுக்கு வேலை இல்லாமல் போனது. வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சப்போரோவுக்கு இடம்பெயர்ந்தன.

படகுகள் ஓடாத கால்வாயில் சேறு படிந்தது. கழிவுநீர் கலந்தது. கோடைக்காலத்தில் துர்நாற்றம் வீசியது. பழுதடைந்த படகுகள் நீரில் பாதி மூழ்கிக் கிடந்தன. ஒரு காலத்தில் நகரின் உயிர்நாடியாக இருந்த கால்வாய், மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து செல்லும் இடமாக மாறியது.

1966இல் நகரத் திட்டம் ஒன்று முடிவானது. கால்வாயைத் தூர்த்து, அதன்மேல் ஆறு தடங்கள் கொண்ட அகன்ற சாலையை அமைக்க வேண்டும் என்பது அத்திட்டம்.

இரு பக்க நியாயங்கள்

இத்திட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் நகரத்தின்மீது அக்கறை இல்லாதவர்கள் அல்லர். அவர்களுக்கும் வலுவான காரணங்கள் இருந்தன. மலைக்கும் கடலுக்கும் இடையே நெருக்குண்ட நகரத்தில் சாலை போட வேறு இடம் எங்கே? லாரிகள் தடையின்றித் துறைமுகத்துக்கு வந்து போனால்தான் வணிகம் மீளும், வேலைவாய்ப்புப் பெருகும், இளையர்கள் ஊரைவிட்டுப் போகமாட்டார்கள். நாற்றமடிக்கும் கால்வாயால் யாருக்கு என்ன நன்மை? இவ்வாறு அவர்கள் வாதிட்டார்கள். மக்களில் பலரும் அதை ஏற்றுக்கொண்டனர்.

சாலைப் பணி ஒரு முனையில் தொடங்கியது. வழியில் இருந்த பழைய கற்கிடங்குகள் சில இடிக்கப்பட்டன. இடிந்து விழுந்ததைக் கண்ட பிறகுதான் பலருக்கு உறைத்தது. 1973இல் குடிமக்கள் சிலர் ஒன்றுகூடிக் 'கால்வாய் பாதுகாப்புச் சங்கம்' ஒன்றைத் தொடங்கினர். பிற்பாடு மினேயாமா ஃபுமி என்னும் பெண்மணி அச்சங்கத்திற்குத் தலைமை தாங்கி, பல ஆண்டுகள் அப்போராட்டத்தை வழிநடத்தினார்.

சங்கத்தினரின் வாதம் வேறு விதமாக இருந்தது. "இந்த ஊர் எப்படி வளர்ந்தது என்பதற்குக் கால்வாயும் கிடங்குகளும் சாட்சி. சாலையை எந்த ஊரிலும் போடலாம். இந்தக் கால்வாயை மீண்டும் எந்த ஊரிலும் உருவாக்க முடியாது. அழுக்கானதைத் தூர்க்க வேண்டியதில்லை, தூய்மைப்படுத்தினால் போதும்" என்பது அவர்கள் நிலைப்பாடு.

வெறும் பேச்சோடு அவர்கள் நின்றுவிடவில்லை. கையொப்பம் திரட்டினார்கள். கூட்டங்கள் நடத்தினார்கள். சேற்றில் இறங்கிக் கால்வாயைத் துப்புரவு செய்தார்கள். 1978இல் இளையர்கள் கால்வாய்க் கரையிலேயே ஒரு விழாவை நடத்தினார்கள். கடைகள் போட்டு, இசை நிகழ்ச்சிகள் நடத்தி, பல ஆண்டுகளாக அந்தப் பக்கம் தலைகாட்டாத மக்களையும் வரவழைத்தார்கள். "இந்த இடத்தில் மனிதர்கள் மகிழ்ச்சியாகக் கூட முடியும்" என்பதை அவர்கள் செய்து காட்டினார்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். கால்வாய்ப் பிரச்சினை நாடு முழுவதும் பேசப்படும் செய்தியாக மாறியது.

பாதி வெற்றி, பாதி இழப்பு

பத்தாண்டுகளுக்கும் மேலாக வாதம் நீடித்தது. முடிவில் ஓர் இடைவழி பிறந்தது. கால்வாயின் பெரும்பகுதியில், 40 மீட்டர் அகலத்தில் பாதி தூர்க்கப்பட்டுச் சாலையாகும். மீதிப் பாதி நீராகவே இருக்கும். நீரோரம் கல் பாவிய நடைபாதை அமைக்கப்படும். 1986இல் அந்த நடைபாதை திறக்கப்பட்டது. அதன் ஓரத்தில் 63 எரிவாயு விளக்குகள் நடப்பட்டன.

இன்று கால்வாய் 1,140 மீட்டர் நீளத்திற்கு இருக்கிறது. தெற்கே நடைபாதையும் விளக்குகளும் உள்ள பகுதியின் அகலம் ஏறத்தாழ 20 மீட்டர். வடகோடியில் 'வடக்குக் கால்வாய்' எனப்படும் பகுதி மட்டும் பழைய 40 மீட்டர் அகலத்தோடு அப்படியே இருக்கிறது. சுற்றுப்பயணிகள் பெரும்பாலும் தெற்குப் பகுதியிலேயே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இன்னும் பத்து நிமிடம் நடந்து வடக்கே சென்றால், கால்வாய் உண்மையில் எவ்வளவு அகலமாக இருந்தது என்பதைக் கண்ணாரக் காணலாம். எவ்வளவு இழந்தோம் என்பதும் புரியும்.

இது யாருடைய வெற்றி? முழுவதையும் காக்க நினைத்தவர்கள் பாதியை இழந்தார்கள். முழுவதையும் தூர்க்க நினைத்தவர்களும் தங்கள் திட்டத்தை மாற்றிக்கொண்டார்கள். இரு தரப்பிலும் மனத்தாங்கல் இருந்தது. ஆனால், பின்னர் நடந்தது இரு தரப்பும் எதிர்பார்த்ததைவிடப் பெரியது. கால்வாயைக் காணப் பயணிகள் திரண்டு வந்தார்கள். எதைத் தூர்த்தால்தான் ஊர் பிழைக்கும் என்று சொன்னார்களோ, அதன் மீதிப் பாதிதான் பின்னர் ஊருக்குச் சோறு போட்டது.

விளக்கும் மிதவையும்

ஒட்டாருவின் கண்ணாடித் தொழிலும் இதைப் போன்ற ஒரு கதையைச் சொல்கிறது. மின்சாரம் பரவாத காலத்தில் இங்குள்ள பட்டறைகள் மண்ணெண்ணெய் விளக்குகளுக்கான கண்ணாடிக் கூண்டுகளைச் செய்தன. மீன்பிடி வலைகள் மூழ்காமல் இருக்க, உள்ளே காற்று நிறைந்த கண்ணாடி உருண்டைகளையும் மிதவைகளாகச் செய்தன. மின்விளக்கு வந்ததும் மண்ணெண்ணெய் விளக்கை வாங்க ஆளில்லை. பிளாஸ்டிக் மிதவை வந்ததும் கண்ணாடி மிதவைக்கும் மதிப்பில்லை.

ஆனால், கண்ணாடி ஊதும் கைத்திறன் எஞ்சியிருந்தது. 1901இல் விளக்குகள் செய்வதற்காகத் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனத்தின் வழிவந்த கித்தாயிச்சி கண்ணாடி நிறுவனம், 1983இல் ஒரு பழைய கற்கிடங்கைக் கடையாக மாற்றியது. அக்கிடங்கு 1891இல் மீன் சரக்குகளை வைக்கக் கட்டப்பட்டது. அதனுள் இருக்கும் தேநீர்க்கூடத்தில் 167 மண்ணெண்ணெய் விளக்குகள் தினமும் காலையில் கையால் ஏற்றப்படுகின்றன. சரக்குகளைத் தள்ளிச் சென்ற தள்ளுவண்டித் தண்டவாளம் தரையில் இன்னும் இருக்கிறது. கால்வாய்க்காகப் பலர் வாதாடிக்கொண்டிருந்த அதே நாள்களில், பழைய கிடங்குக்குப் புதிய வேலை கொடுக்க முடியும் என்பதை இக்கடை மெய்ப்பித்தது.

நகரைச் சுற்றி வருவோம்

கால்வாயைத் தவிர ஒட்டாருவில் காணத்தக்க இடங்கள் பல உள்ளன. நடந்தே பலவற்றைப் பார்த்துவிடலாம்.

ஜப்பான் வங்கியின் பழைய கிளை: 1912இல் கட்டப்பட்ட இக்கட்டடத்தை வடிவமைத்தவர்களுள் ஒருவர் தட்சுனோ கிங்கோ. தோக்கியோ இரயில் நிலையத்தை வடிவமைத்தவரும் இவரே. கட்டடத்தின் உள்ளும் புறமும் 30 ஆந்தைச் சிற்பங்கள் உள்ளன. ஐனு மக்கள் ஆந்தையைத் தங்கள் ஊரைக் காக்கும் தெய்வமாக வணங்கினார்கள். பணத்தைக் காக்கும் கட்டடத்தில் அந்தக் காவல் தெய்வத்தை அமைத்திருக்கிறார்கள். இப்போது இது ஓர் அரும்பொருளகம். 10 கோடி யென் பணத்தாள்கள் எவ்வளவு கனம் என்பதை இங்குத் தூக்கிப் பார்க்கலாம். ஏறத்தாழ 10 கிலோகிராம்.

தெமியா இரயில் பாதை: ஹொக்கைடோவின் முதல் இரயில் ஓடிய இப்பாதை 1985இல் மூடப்பட்டது. தண்டவாளங்களை அகற்றாமல், ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் தூரத்திற்கு நடைபாதையாக்கியுள்ளனர். கடைகளுக்கும் வீடுகளுக்கும் நடுவே, புல் முளைத்த தண்டவாளங்களின்மீது மக்கள் காலாற நடக்கிறார்கள். இப்பாதையின் பக்கம் உள்ள நகர அரும்பொருளகத்தில் 1885இல் கட்டப்பட்ட இரயில் எஞ்சின் கொட்டகையையும், பழைய நீராவி எஞ்சினையும் காணலாம்.

இசைப்பெட்டி அரும்பொருளகம்: அரிசி வணிக நிறுவனம் ஒன்று 1912இல் கட்டிய செங்கல் கட்டடத்தில் இது இயங்குகிறது. மூடியைத் திறந்தால் இசைக்கும் பெட்டிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. வாசலில் நிற்கும் நீராவிக் கடிகாரம் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஆவியை வெளியிட்டு இசை எழுப்பும்.

ஹெர்ரிங் மாளிகை: நகரின் வடமேற்கே ஷுக்குட்சு என்னும் கடற்கரைப் பகுதியில் ஒரு குன்றின்மேல் இது நிற்கிறது. 1897இல் வேறோர் ஊரில் கட்டப்பட்ட இம்மாளிகை, 1958இல் இங்குக் கொண்டுவந்து நிறுவப்பட்டது. முதலாளியின் குடும்பமும் நூற்றுக்கு மேற்பட்ட மீன்பிடித் தொழிலாளர்களும் ஒரே கூரையின்கீழ் தங்கியிருந்தார்கள். முதலாளியின் அறையையும் தொழிலாளர்கள் படுத்த இடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அக்கால வாழ்க்கையின் ஏற்றத்தாழ்வு விளங்கும்.

தெங்குயாமா மலை: 532 மீட்டர் உயரமுள்ள இம்மலையின்மேல் கம்பிவட ஊர்தியில் ஏறலாம். நகரமும் துறைமுகமும் ஹிரோய் கட்டிய அலைத்தடுப்புச் சுவரும் ஒரே பார்வையில் தெரியும்.

உணவு: இரயில் நிலையத்தை ஒட்டிய 'சங்காக்கு' சந்தையில் நண்டு, சிப்பி, மீன்முட்டை முதலியவை குவிந்திருக்கும். 'சங்காக்கு' என்றால் முக்கோணம். நகரில் சூஷி கடைகளுக்கென்றே பெயர்பெற்ற ஒரு தெருவும் உண்டு.

பனியில் ஒளிரும் பாதை

ஒட்டாருவில் குளிர்காலம் கடுமையானது. மார்பளவு பனி குவியும். அப்போது பயணிகள் வருவது குறையும். அந்த இருண்ட பிப்ரவரி மாதத்தையே ஒளியூட்டலாம் என்று நகர மக்கள் எண்ணினார்கள். 1999இல் 'பனி ஒளிப் பாதை' என்னும் விழா பிறந்தது.

விழா நாள்களில் கால்வாய் நீரில் கண்ணாடி மிதவைகளை மிதக்கவிட்டு, அவற்றில் மெழுகுவர்த்திகளை ஏற்றுகிறார்கள். வலையைத் தாங்கிய மிதவை இப்போது சுடரைத் தாங்குகிறது. வண்டி ஓடாத தெமியா இரயில் பாதையின் இருபுறமும் பனியைக் குழித்து விளக்கு வைக்கிறார்கள். ஊர்மக்கள் தங்கள் வீட்டு வாசலிலும் விளக்கேற்றுகிறார்கள். காற்றடித்துச் சுடர் அணைந்தால் தொண்டூழியர்கள் மீண்டும் ஏற்றுகிறார்கள். வெளிநாடுகளிலிருந்தும் இளையர்கள் வந்து தோள் கொடுக்கிறார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்களே, அது இங்கு விளக்கேற்றுவதில் நடக்கிறது.

இன்னும் முடியாத கதை

கால்வாயைக் காத்ததால் ஒட்டாருவின் எல்லாச் சிக்கல்களும் தீர்ந்துவிட்டன என்று சொல்ல முடியாது. 1960களில் 2 இலட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை, இப்போது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. முதியவர்கள் பெருகி, இளையர்கள் குறைந்துள்ளனர். பகலில் கூட்டம் அலைமோதினாலும், பல பயணிகள் மாலையில் சப்போரோவுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

அதிகமான பயணிகள் வருவதும் தொல்லையாகலாம். அழகான படம் வேண்டும் என்பதற்காகச் சரிவுச் சாலையின் நடுவே நிற்பவர்கள் உண்டு. அங்கே குடியிருப்பவர்களுக்கு அது படத்தின் பின்னணி அன்று. அன்றாடம் வேலைக்கும் கடைக்கும் போகும் வழி. நாம் ஓர் ஊரைப் பார்க்கச் செல்லும்போது, பிறர் வீட்டு முற்றத்தில் நிற்கிறோம் என்பதை மறக்கக்கூடாது.

நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. ஹெர்ரிங் குஞ்சுகளைக் கடலில் விடுவது, சிறிய மீன்கள் சிக்காதவாறு வலைக்கண்ணைப் பெரிதாக்குவது போன்ற முயற்சிகள் பலன் தரத் தொடங்கியுள்ளன. அண்மைய ஆண்டுகளில் ஒட்டாருவின் கரையோரக் கடல் மீண்டும் பால்போல் வெளுக்கும் காட்சியைக் காண முடிகிறது. தாத்தா பாட்டி சொல்லக் கேட்டதை இன்றைய பிள்ளைகள் நேரில் பார்க்கிறார்கள்.

பழையவை அனைத்தையும் வைத்துக்கொள்ள எந்த நகரத்தாலும் இயலாது. சாலையும் வேண்டும், வேலையும் வேண்டும், வீடுகளும் வேண்டும். ஆனால், ஒன்றின் வேலை முடிந்துவிட்டது என்பதாலேயே அதன் மதிப்பும் முடிந்துவிட்டது என்று பொருளாகாது. தூர்த்த பாதியை ஒட்டாருவால் மீண்டும் நீராக்க முடியவில்லை. விட்டுவைத்த பாதியைப் பற்றி மட்டும், என்ன செய்யலாம் என்று ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகச் சிந்திக்க முடிகிறது.

சொல்வளம்

பூர்வகுடிகள் – ஒரு நிலத்தில் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் மக்கள்
தூர்த்தல் – பள்ளத்தையோ நீர்நிலையையோ மண்ணிட்டு நிரப்புதல்
கிடங்கு – சரக்குகளைச் சேமித்து வைக்கும் கட்டடம்
உத்தரம் – கூரையைத் தாங்கும் குறுக்கு மரம்
உயிர்நாடி – இன்றியமையாதது
மனத்தாங்கல் – மனவருத்தம்
தோள் கொடுத்தல் – துணை நின்று உதவுதல்

சிந்தித்து விடையளிக்க

1. ஒட்டாரு கால்வாய் ஏன் வளைந்து செல்கிறது?
2. கால்வாய் வேலை இழந்ததற்கான காரணங்களுள் மூன்றை எழுதுக.
3. ஹிரோய் இசாமி சோதனைக் கட்டிகளைச் செய்து வைத்ததிலிருந்து அவருடைய எத்தகைய பண்பு வெளிப்படுகிறது? சான்றுடன் விளக்குக.
4. "எதைத் தூர்த்தால்தான் ஊர் பிழைக்கும் என்று சொன்னார்களோ, அதன் மீதிப் பாதிதான் பின்னர் ஊருக்குச் சோறு போட்டது." இக்கூற்றின் கருத்தை உங்கள் சொந்த நடையில் எழுதுக.
5. குழு நடவடிக்கை: வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்துகொள்ளுங்கள். ஒரு குழு 1966ஆம் ஆண்டுத் திட்டத்தை ஆதரித்தும், மற்றொரு குழு எதிர்த்தும் பேச வேண்டும். பிறகு, எதிர்த்தரப்பு கூறியவற்றுள் உங்களால் ஏற்றுக்கொள்ள முடிந்த ஒரு கருத்தைக் குறிப்பிட்டு, அதற்கான காரணத்தையும் கூறுங்கள்.
6. உங்கள் வட்டாரத்தில் வேலை இழந்து நிற்கும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கு எத்தகைய புதிய வேலையைக் கொடுக்கலாம் என்று 120 சொற்களில் எழுதுக.